மடித்த மூலை

உலகத்தில் எத்தனையோ ஒழிந்துவிட்டன. பெட்ரோல் பங்க் ஒழிந்தது, சில்லறைக் காசு ஒழிந்தது, சுங்குவார்சத்திரத்தில் மூன்று ஷிப்டுக்கும் பெண்களை ஏற்றி இறக்கிய கம்பெனி பஸ்களும் ஒழிந்தன. இந்த யூ.எஸ்.பி. ஓட்டை மட்டும் ஒழியவில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் பவளக்கொடியின் ரிப்பேர் கடை ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜூஸ் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மழையில் நனைய வேண்டிய அளவுக்கு ஒரு கடை.

பன்னிரண்டு வருடம் அவள் போன் கம்பெனியில், சர்க்யூட் போர்டு பொருத்தும் லைனில் வேலை பார்த்தவள். இயந்திரக் கைகள் வந்து இறங்கியபோது நாலாயிரம் பெண்களை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி வெயிலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். பெயர் ஏகாம்பரம் என்றார். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒன்றைக் கல்யாண மோதிரத்தை எடுப்பதுபோல் பக்குவமாக அவிழ்த்து மேசைமேல் வைத்தார். செவித்துணை.

செவித்துணை தெரியாதவர்கள் இன்றைக்கு யாரும் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் வந்தவர்கள் கழுத்தில் தாலிபோல் தொங்கும் சின்ன வில்லை அது. காதுக்குள் ஒரு பொட்டு இருக்கும். எதிரே வருவது யார், நேற்று என்ன நடந்தது, மாத்திரை போட்டாயிற்றா என்று வில்லை கிசுகிசுக்கும். போட்டிருப்பவர் அதைத் தன் சொந்த ஞாபகம் மாதிரியே எடுத்துக்கொள்வார். வீட்டில் நடந்ததை வீட்டுக்காரர்கள் சாயங்காலம் வயர் மாட்டி அதில் ஏற்ற வேண்டும்.

"சார்ஜ் ஏறுதும்மா. சேதி ஏற மாட்டேங்குது," என்றார் ஏகாம்பரம். "மூணு கடை பார்த்துட்டேன். ஒருத்தன் வயரை மாத்துன்றான். ஒருத்தன் ஊதிப் பார்த்துட்டுக் குடுத்துட்டான். கம்பெனி சர்வீஸ்ல புதுசு வாங்கிக்கோன்றாங்க. புதுசு வாங்குனா அவளோட நாப்பது வருச ஞாபகத்தையும் நான் முதல்லேர்ந்து சொல்லித் தரணும். எனக்கே பாதி மறந்துபோச்சு."

"யாரோடதுண்ணா?"

"என் வீட்டுக்காரி. அமிர்தவல்லி."

"எத்தனை நாளா ஏறல?"

"பதினோரு மாசமா."

பவளக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு மாதமாக ஒரு பெண்ணின் உலகம் ஒரே இடத்தில் நிற்கிறதா? "காத்துவழியா ஏத்துற மாதிரி வெச்சுத் தொலைச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே வேறு வயரை மாட்டினாள்.

"அப்படித்தான் முதல்ல வெச்சிருந்தாங்களே," என்றார் அவர். "யாரோ ஒரு பாவி, தெருவுல நின்னுக்கிட்டே ஒரு கிழவி காதுல 'நான்தாம்மா உன் மவன்'னு சொல்லி, நிலத்தை எழுதி வாங்கிட்டான். அதுக்கப்புறம்தான வயர் மட்டும்னு சட்டம் வந்துது. பெரிய சேதின்னா இன்னும் கெடுபிடி. சாவு, கல்யாணம், சொத்து, இந்த மூணும் பதினாறு நாள் தொடர்ச்சியா ஏத்துனாத்தான் நிலைச்சு நிக்கும். நடுவுல விட்டா, பொய்ச்சேதின்னு அதுவே அழிச்சுடும்."

"பதினாறா?"

"நம்ம ஊர்ல காரியம் பண்ற கணக்கும் பதினாறுதான? எவனோ நம்மாளுதான் வெச்சிருப்பான்."

வயர் மாற்றியும் பலனில்லை. வேறு கணினியில் மாட்டினாள், அதுவும் கண்டுகொள்ளவில்லை. ஓட்டைக்குள் பல்குச்சியை விட்டுச் சுரண்டினாள். கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் விபூதி வந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். ஓட்டையை லேசாக ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை, ஈயப் பற்று உறுதியாகத்தான் இருந்தது. சார்ஜ் விளக்கு மட்டும் கூசாமல் எரிந்தது.

"உங்களுக்கு என்ன சேதி ஏறணும்ணா?" என்று அவள் பேச்சுவாக்கில் கேட்டாள்.

பெரியவர் பக்கத்துப் பூக்கடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் பையன் கதிரேசன் செத்துட்டான்மா. ஒரகடம் ரோட்ல. கன்டெய்னர் லாரி."

பவளக்கொடி வில்லையைக் கீழே வைத்தாள்.

"பதிமூணு நாள் ஏத்தினேன். தினம் காலையில எழுந்துப்பா, அது காதுல சொல்லும், மாரை மாரை அடிச்சுக்கிட்டு அழுவா. பதினாறு தாண்டுனா பழகிடும்னு டாக்டர் சொன்னாரு. பதினாலாம் நாள் சாயங்காலம் வயரை மாட்டுறேன், ஏறல. மக்காநாள் எழுந்து, 'கதிரு ஷிப்டு முடிஞ்சு வந்துட்டானா'ன்னு கேட்டா. அன்னியிலேர்ந்து அவளுக்கு அவன் உயிரோடதான் இருக்கான். நான் வாயால சொன்னா எடுபடாது, காதுல அது சொல்றதுதான் அவளுக்கு நிஜம். ராத்திரி அவனுக்குச் சோறு மூடி வைப்பா. காலையில நான் அதைத் தின்னுட்டு, 'வந்து சாப்ட்டுப் போயிட்டான்'னு சொல்வேன். பதினோரு மாசமா என் புள்ளை சோத்தை நான் தின்றேன்மா."

பவளக்கொடி, அடப்பாவமே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"இன்னும் பதினேழு நாள்ல வருசத் தெவசம். இன்னிக்கு ஆரம்பிச்சா அதுக்குள்ள நின்னுடும். வீட்ல நான் அழ முடியாது. பாத்ரூம்ல குழாயைத் தொறந்து வுட்டுட்டு அழுவுறேன். பெத்தவ பக்கத்துலயே உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருக்கா. ஒரு நாளாவது அவகூட உக்காந்து அழணும்மா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

பவளக்கொடி வில்லையின் மூடியைத் திறந்து, போர்டை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள்.

ஓட்டைக்குப் பின்னால் சார்ஜுக்குப் போகும் தடம் பளபளவென்று இருந்தது. அதன் பக்கத்தில், தகவலுக்குப் போகும் இரண்டு மயிரிழைக் கோடுகள்மேல் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. லைனில் சூடு தாங்குவதற்கு ஒட்டுவார்களே, அந்த டேப். அரிசியில் பாதி அளவுகூட இல்லை. டேப்புக்கு அடியில் இரண்டு கோடுகளும் பிளேடால் நறுக்கென்று அறுக்கப்பட்டிருந்தது மங்கலாகத் தெரிந்தது. டேப்பின் இடது மூலை உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

உரிக்கப் போன ட்வீசர் தானாக நின்றுவிட்டது. லைனில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் நின்றிருக்கும். ஒரு போர்டில் ஒன்றைத் தெரிந்தே அப்படி விட்டிருக்கிறோம் என்றால், அதன்மேல் டேப் ஒட்டி மூலையை மடிப்பார்கள். அடுத்த ஷிப்டுக்காரிக்கு அது சேதி: 'தெரிந்துதான் செய்திருக்கிறேன், என்னைக் கேட்காமல் தொடாதே.' மடித்தவள்தான் உரிக்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி, ஆனால் சூப்பர்வைசர்கூட அதை மீறியதில்லை.

"அண்ணா, இது தானா ரிப்பேர் ஆவல. யாரோ அறுத்திருக்காங்க."

ஏகாம்பரத்தின் முகம் இறுகியது. "எனக்குத் தெரியும். என் மருமவ செவ்வந்திதான். ஏறாமப் போனதுக்கு முதநாள் இதைக் கீழ போட்டது அவதான்."

"அவங்க எதுக்குப் பண்ணப் போறாங்க?"

"கதிரு போனது தெரியாததால, அமிர்தா தினம் சாயங்காலம் செவ்வந்தியைக் கூப்ட்டு உக்கார வெச்சு, தலை பின்னிப் பூ வெச்சு வுடுவா. அந்தப் பொண்ணும் கல்லு மாதிரி உக்காந்திருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரு நாள் கேட்டுட்டேன். 'பூ வெச்சுக்கிற ஆசையில நீதான உடைச்சே?'ன்னு. அன்னிக்கே வாலாஜாபாத்துக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

பவளக்கொடிக்குச் சுருக்கென்றது. தீயினால் சுட்ட புண்ணாவது ஆறும் என்பார்கள். "உங்க மருமக போன் கம்பெனி லைன்ல வேலை பார்த்தாங்களா?"

"இல்லியே. அவ டீச்சர் ட்ரெயினிங் படிச்சவ."

"உங்க வீட்ல வேற யாராவது?"

"ஏன், அமிர்தாதான். பதினேழு வருசம். நான் அந்த கம்பெனி பஸ்ஸுதான் ஓட்டினேன். அஞ்சே முக்கால் ட்ரிப்ல முன் சீட்ல உக்காருவா, அப்படிப் பழக்கம் ஆயி..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பவளக்கொடியின் முகத்தைப் பார்த்தார். "ச்சே, ச்சே. ஜாக்கெட் கொக்கி போடத் தெரியாதும்மா அவளுக்கு இப்ப."

"கொக்கி மறந்துபோவும்ணா. இது மறக்காது." மடிப்பின் அர்த்தத்தை அவள் எடுத்துச் சொன்னாள். பதினாலாம் நாள் காலையில், செய்தி காதில் ஏறிய பிறகு, அழுகைக்கும் மறதிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் அந்த அம்மாவுக்குத் தெளிவு இருந்திருக்கும். தினமும் இதை முதல்முதலாகக் கேட்கப் போகிறோம் என்று புரிந்திருக்கும். பிளேடை எடுத்திருக்கிறாள். அப்புறம் தான் அறுத்ததையும் மறந்துவிட்டாள்.

ஏகாம்பரம் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணை என்னா பேச்சு பேசிட்டேன்," என்றார். அப்புறம், "நீ உரிச்சிடும்மா," என்றார்.

"மாட்டேன்ணா. அவங்களைக் கூட்டிட்டு வாங்க. கேட்டுட்டுத்தான் உரிப்பேன்."

"அவளுக்கு என்னா தெரியும்?"

"கூட்டிட்டு வாங்க."

ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். அமிர்தவல்லி சின்ன உருவம். நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் கனகாம்பரம். செவித்துணை கழுத்தில் இல்லாததால், யாரைப் பார்த்தாலும் 'நீ யாரு?' என்று கேட்கிற பார்வை. கணவர் கையை மட்டும் விடவில்லை. "இந்த வெயில்ல எங்க இட்டாந்திருக்கீங்க? கதிரு வர நேரமாச்சு, சோறு வடிக்கல," என்றாள்.

"அக்கா, ஒரு போர்டு பார்க்கணும். சந்தேகமா இருக்கு," என்றாள் பவளக்கொடி.

போர்டு என்றதும் அந்த அம்மாள் மாறியதைப் பார்க்க வேண்டுமே! ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, இடது மணிக்கட்டை நீட்டினாள். எதற்கு என்று ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை. பவளக்கொடி, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடும் எர்த் பட்டையை எடுத்து அந்த மணிக்கட்டில் கட்டினாள். லைனில் அது இல்லாமல் யாரும் போர்டைத் தொட மாட்டார்கள்.

அமிர்தவல்லி குனிந்து பார்த்தாள்.

"இது என் மடிப்பு," என்றாள் உடனே. "இடது மூலை, உள்பக்கம். நான் இப்படித்தான் மடிப்பேன்."

"எதுக்குக்கா போட்டீங்க?"

அமிர்தவல்லி மறுபடியும் பார்த்தாள். "தெரியலையே. ரெண்டு கோட்டையும் அறுத்திருக்கேன். பிசிறு இல்ல. அவசரத்துல அறுத்தா இப்படி வராது. யோசிச்சுத்தான் அறுத்திருக்கேன்."

"உரிச்சிடலாமா?"

"உரிக்காத," என்றாள் கண்டிப்பாக. "ஏதோ இருக்கு. இல்லாம நான் மடிக்க மாட்டேன்."

பின்னால் நின்றிருந்த ஏகாம்பரத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பதினோரு மாதமாகக் குழாய்த் தண்ணீர் சத்தத்தில் மறைத்துவைத்திருந்தது அது. வாயைத் துண்டால் பொத்தியும் அடங்கவில்லை. அமிர்தவல்லி திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், மணிக்கட்டில் இருந்த பட்டை இழுபட்டது.

"இன்னா ஆச்சு உங்களுக்கு? இதுல இன்னா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"எத்தினி நாளா?"

"பதினோரு மாசமா."

"எனக்குத் தெரியாம, நீங்க ஒருத்தரே வெச்சிக்கினு இருக்கீங்களா?"

அமிர்தவல்லி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். என்ன விளங்கியதோ, எவ்வளவு விளங்கியதோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"ட்வீசர் குடு. மடிச்சவதான் உரிக்கணும்."

ஜாக்கெட் கொக்கி மறந்த விரல்கள் டேப்பின் மடிப்பைச் சரியாகப் பிடித்தன. ஒரே இழுப்பில் டேப் வந்துவிட்டது. அதை மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டு, "தலையை வலிக்குது, வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

மீதி வேலை பத்து நிமிடம். மெல்லிய கம்பியால் இரண்டு கோடுகளையும் இணைத்துப் பற்றுவைத்தாள் பவளக்கொடி. வயரை மாட்டியதும் கணினி 'டிங்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவளுக்கு எப்போதும் ஒரு காபி குடித்த தெம்பு வரும். அன்று வரவில்லை.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. இப்போது மாட்டியிருப்பார். காலையில் கடை திறக்கும்போது, இந்நேரம் அந்த அம்மாவின் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். நாம் செய்தது நல்லதா, கெட்டதா? யாரைக் கேட்பது? ஒன்று, இரண்டு என்று தன்னை அறியாமல் நாளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

பதினாறாம் நாள் மத்தியானம் ஏகாம்பரம் வந்தார். கூட ஓர் இளம்பெண். வெறும் நெற்றி, தலையை வாரிக் கொண்டையாகச் சுருட்டியிருந்தாள். "செவ்வந்தி, என் மருமவ," என்றார். "மக்காநாளே வாலாஜாபாத் போயி, இவ கால்ல வுழப் போனேன். வுடல இவ." செவ்வந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைக்குட்டை முடிச்சை அவர் மேசைமேல் வைத்தார்.

"மறுபடியும் ஏறலையாண்ணா?"

"நல்லா ஏறுதும்மா. பதினஞ்சு நாளும் ஏறிடுச்சு. இன்னிக்கு ஏத்துனா நின்னுடும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பதினஞ்சு நாளும் அவகூட உக்காந்து அழுதேன். என் தோள்ல சாஞ்சு அழுதா. நானும் அழுதேன். ஆசை தீர அழுதாச்சு. எனக்குத் தினம் ஒரு நாள் பழசாவுதும்மா. அவளுக்குத் தினமும் அதே முத நாளு. டாக்டர் பழகிடும்னு சொன்னாரு. எங்க பழகுது?"

"அப்ப இன்னிக்கு மாட்டாம வுட்டுடுங்க. தானா அழிஞ்சிடுமே."

"இன்னிக்கு வுட்டுடுவேன். அடுத்த மாசம் ஒரு நாள் ஒத்தையில இருக்க முடியாம மாட்டிடுவேன். என் கையை நான் நம்ப மாட்டேன்." அவர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். "நேத்துக் காலையில அவ சமையக்கட்டுல பிளேடைத் தேடினு இருந்தா. இதைத் தொறந்துட்டா. அறுக்கப் பார்த்தா, முடியல. விரலை அறுத்துக்கினா. ரத்தத்தைத் துடைச்சிக் கட்டு கட்டினேன். 'எனக்குக் கை வரலியேங்க'ன்னு அழுதா. மவனுக்கு அழுததைவிட அதுக்கு அழுதா. அதான், அறுத்துக் குடுக்கச் சொல்லி நான் கொண்ணாந்தேன்."

பவளக்கொடி செவ்வந்தியைப் பார்த்தாள். "உனக்குச் சம்மதமாம்மா?"

"எனக்கு மறக்கப் போறதில்லக்கா," என்றாள் செவ்வந்தி. "அத்தைக்காவது இருக்கட்டும். தெவசத்துக்கு நானும் மாமாவும் கோயில் குளத்துக்குப் போயிட்டு வந்துடுவோம். கல்யாண வீட்டுக்குப் போறோம்னு சொல்லிக்கலாம்."

பவளக்கொடி மூடியைத் திறந்தாள். தான் இணைத்த இரண்டு கம்பிகளையும் எடுத்துப் போட்டாள். சின்னதாக மஞ்சள் டேப்பை வெட்டி ஒட்டினாள். மூலையை மடிக்கப் போனவள், ட்வீசரை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்க மடிங்கண்ணா. உரிக்கணும்னா உங்களைத்தான் கேக்கணும்."

முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்த விரல்கள். மூன்று தரம் தவறியது. "இடது மூலைதான?" என்று கேட்டார். "ஆமா, உள்பக்கம்," என்றாள் அவள். நாலாவது தரம் கோணல்மாணலாக ஒரு மடிப்பு விழுந்தது. லைனில் என்றால் சூப்பர்வைசர் திட்டியிருப்பார். பவளக்கொடி அதன்மேல் மூடியை வைத்து மூடினாள்.

அவர் வில்லையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ்ஸைப் பார்க்கப் போனார். செவ்வந்தி மட்டும் இரண்டு அடி வைத்துத் திரும்பினாள்.

"அக்கா, இங்க கனகாம்பரம் கிடைக்குமா? சாயங்காலம் அத்தை தலை பின்னக் கூப்பிடுவாங்க. பூ எங்கன்னு கேட்டா சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

பவளக்கொடி பக்கத்துப் பூக்கடையைக் காட்டினாள். செவ்வந்தி இரண்டு முழம் வாங்கினாள். இலையில் கட்டித் தந்ததைத் தலையில் வைத்துக்கொள்ளாமல், கையில் பிடித்துக்கொண்டு மாமனார் பின்னால் பஸ் ஏறினாள்.